ஆயா வீட்டில் இழை, அப்பத்தா வீட்டில் ஜெபமாலை: பிள்ளை யார் பக்கம்?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பெண். கணவர் தேவகோட்டைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. அதனால் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டார்கள். பிறகு மாமியாரின் மனசுக்காக, ஆயரின் (பிஷப்பின்) அனுமதி பெற்றுத் தேவாலயத்திலும் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகக் கணவர் அப்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். வாசகி மதம் மாறவில்லை. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. இருவருக்கும் இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை.

மகள் படிப்பது கன்னியர் நடத்தும் பள்ளி. சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற இடத்தில் கணவர் 'கிறிஸ்தவம்' என்று எழுதிவிட்டார். வாசகிக்கு அது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். மற்ற பிள்ளைகள் நன்னெறி வகுப்புக்குப் போகும்போது இவள் மறைக்கல்வி (கத்தோலிக்க மத போதனை) வகுப்புக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவோடு (வாசகியின் மாமியார்) தேவாலயத்தில் பூசை. அம்மா காரைக்குடிக்குக் கூட்டிப்போகும் நாட்களில், வழியில் பிள்ளையார்பட்டி. "அப்பத்தாகிட்ட சொல்லிடாதே" என்று அம்மா சொல்லிவைப்பார். அப்பத்தா சொல்லிக்கொடுத்த ஜெபத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பத்தாவும் சொல்லியிருக்கிறார்.

போன மார்கழியில் ஆயா (வாசகியின் அம்மா) வீட்டில் பிள்ளையார் நோன்பு. கோடி வேட்டியில் எடுத்த 21 நூலிழைகளைத் திரியாக்கி, இழைமாவில் வைத்து ஏற்றி, சுடரோடு பேத்தி வாயில் போட்டிருக்கிறார் ஆயா. பள்ளி திறந்ததும் மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளை நடந்தபோது பிள்ளை கையைத் தூக்கி இதைச் சொல்லியிருக்கிறாள். அது பாவம், பாவசங்கீர்த்தனத்தில் (பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் சடங்கில்) சொல்ல வேண்டும் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். அன்று இரவு பிள்ளை சாப்பிடவில்லை. "அம்மா, நான் முழுங்கின நெருப்பு இன்னும் வயித்துக்குள்ள இருக்குமா? அது பாவமா?" என்று கேட்டாளாம். "நான் பேச்சை மாற்றித் தூங்கவைத்துவிட்டேன்" என்கிறார் வாசகி.

இப்போது மகனைப் பள்ளியில் சேர்க்கும் நேரம். வரும் பாஸ்காவுக்குள் (ஈஸ்டருக்குள்) இருவருக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்கிறார் மாமியார். பேரனுக்குக் குன்றக்குடியில் மொட்டையும் காதுகுத்தும் வேண்டும், இந்து அறக்கட்டளைப் பள்ளியில் சேர்த்தால் கட்டணம் முழுக்கத் தன் பொறுப்பு, ஞானஸ்நானம் கொடுத்தால் வளவு வீட்டிலும் (குடும்பத்தின் பெரிய வீடு) வயலிலும் பங்கு கிடையாது என்கிறார் அப்பச்சி, அதாவது வாசகியின் அப்பா. மதமாற்றத் தடைச் சட்டத்தில் போலீசுக்குப் போவேன் என்கிறார் அண்ணன். "ஏதாவது ஒண்ணுல வளரட்டும், ரெண்டும் இல்லாம வளரக் கூடாது" என்கிறார் கணவர். வாசகியோ சலித்துப்போய், இரண்டு பிள்ளைகளையும் மதவாசமே இல்லாத பள்ளியில் போட்டு, வீட்டிலுள்ள சாமிப் படத்தையும் சிலுவையையும் இறக்கிவிட்டு, பதினெட்டு வயதில் அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட நினைக்கிறார்.

அவருடைய கேள்விகள்: அப்பாவின் மதம்தானே சட்டப்படி பிள்ளையின் மதம்? அந்தத் தாள் என்னைக் கட்டுப்படுத்துமா? பள்ளி செய்தது சரியா? ஞானஸ்நானம் ஆகிவிட்டால் சொத்து போய்விடுமா? எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளைகளைப் பெற்றவர்கள் மதத்தில் வளர்ப்பதே சரிதானா?

அன்புச் சகோதரி,

உங்கள் சட்டக் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தனியாகச் சொல்லாமல் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லுங்கள். நெருப்பு நாக்கில் பட்டதுமே அணைந்துவிட்டது, வயிற்றுக்குள் மாவும் வெல்லமும்தான் போயிற்று. ஆயா ஆசையாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டது பாவம் இல்லை. ஆயா ஒரு விதமாகச் சாமி கும்பிடுகிறார், அப்பத்தாவும் டீச்சரும் வேறு விதமாகக் கும்பிடுகிறார்கள், எது புரியவில்லையோ அதை அம்மாவிடமும் அப்பாவிடமும் கேட்கலாம். இவ்வளவு போதும், விளக்கவுரை வேண்டாம்.

அந்த ஆசிரியை தன் மதம் சொல்வதைத்தான் சொன்னார், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மதத்தின் முறைப்படியே பாவசங்கீர்த்தனம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. ஞானஸ்நானமே ஆகாத பிள்ளையைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகச் சொன்னது, யாருக்குப் பாடம் நடத்துகிறோம் என்று அவருக்கே தெரியாததால் வந்த வினை. தெரியாமல் போனதற்குக் காரணம் படிவத்தில் இருந்த அந்த ஒரு சொல்.

கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது இழையும் ஜெபமும் கிடையாது. "சொல்லிடாதே" என்ற சொல். பிள்ளைகளுக்கு இரண்டு சாமி ஒரு பாரமே இல்லை. இரண்டு மொழி பேசும் வீட்டுப் பிள்ளை, எந்த மொழியை யாரிடம் பேசுவது என்று தானாகவே தெரிந்துகொள்கிற மாதிரிதான் இதுவும். ஆனால் ரகசியம் பாரம். அம்மாவுக்கு ஒரு ரகசியம், அப்பத்தாவுக்கு ஒரு ரகசியம் என்று ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு கணக்கு வைத்திருக்கிறாள். வகுப்பில் கையைத் தூக்கிச் சொன்னாளே, அது வாய்த்துடுக்கு இல்லை. எங்கேயாவது ஓர் இடத்தில் உண்மையைச் சொல்லிப் பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. சொன்ன இடத்தில் அடி விழுந்தது.

குடும்பநல நீதிமன்றத்தில் நீதிபதி பிள்ளைகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவது வழக்கம். கூட்டிவந்தவர் முகம் கோணாத பதிலை மட்டும் சொல்லப் பழகிய பிள்ளைகளை அங்கே நிறையப் பார்க்கிறோம். அவர்களில் பலருக்கு மதச் சண்டையே கிடையாது, ரகசியச் சுமை மட்டும்தான். உங்கள் வீடு இன்னும் நீதிமன்றத்துக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். பிள்ளையார்பட்டிக்குப் போனால் போனோம் என்று வீட்டில் சொல்லுங்கள். மாமியார் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். பரவாயில்லை, அவர் பெரியவர், தாங்குவார்.

பிள்ளையின் மதத்தை யார் தீர்மானிப்பது?

அப்பாவின் மதம்தான் பிள்ளையின் மதம் என்ற எண்ணம் ஊரில் பலமாக இருக்கிறது. பழைய காலத்து நீதிமன்றங்களும் அப்படித்தான் நினைத்தன. இன்றைக்கு நீங்கள் நினைக்கிற மாதிரி எழுதிய சட்டம் எதுவும் இல்லை. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தையும் இந்து இளவர் (பதினெட்டு வயது நிரம்பாதவர்) காப்பாளர் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். பெற்றோரில் ஒருவர் இந்துவாக இருந்து, அவருடைய குடும்பத்தை, சமூகத்தைச் சேர்ந்த பிள்ளையாக வளர்க்கப்பட்டால் அந்தப் பிள்ளை இந்து என்கின்றன. அந்த ஒருவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சட்டம் பார்ப்பது வளர்ப்பை.

காப்பாளர் விஷயத்திலும் அப்படித்தான். 'தந்தை, அவருக்குப் பின் தாய்' என்று 1956 சட்டத்தில் இருந்ததை, தந்தை இறந்த பிறகுதான் தாய் என்று படிக்கக் கூடாது, தந்தை பொறுப்பில் இல்லாதபோதும் தாயே காப்பாளர் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் தந்தைக்கு மட்டும் இருந்த முன்னுரிமையில் 2010-இல் தாயையும் சேர்த்தார்கள். அதே சட்டம் பிள்ளையின் மதத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது, ஆனால் பிள்ளையின் நலனே பிரதானம். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 14-ஆம் உறுப்பு, மனச்சாட்சி உரிமையைப் பிள்ளைக்கே கொடுத்து, வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குக் கொடுக்கிறது. அதுவும் பிள்ளை வளர வளர அதற்கேற்றபடி.

ஆக, சட்டம் உங்களுக்கும் வெற்றி தரவில்லை, கணவருக்கும் தரவில்லை. தாத்தா பாட்டிகள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அந்தத் தாள் விஷயம். கலப்பு மணத்தில் கத்தோலிக்கத் தரப்பிடம் அப்படி ஓர் உறுதிமொழி வாங்குவது திருச்சபைச் சட்டத் தொகுப்பில் உள்ள முறை. மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டவர் உங்கள் கணவர், அது அவருடைய மனச்சாட்சியைக் கட்டும். நீதிமன்றத்தில் அதை வைத்து உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வாசகத்தையும் கவனியுங்கள். 'என்னால் ஆனதைச் செய்வேன்' என்கிறதே தவிர, மனைவியின் சம்மதம் இல்லாவிட்டாலும் செய்வேன் என்று அதில் இல்லை. கணவர் வெளியே சொல்லாவிட்டாலும் அந்தக் கையெழுத்து அவரை உறுத்திக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். பங்குத் தந்தையிடம் அவர் மனம்விட்டுப் பேசினால் நல்லது.

மாமியார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சபைச் சட்டப்படி ஏழு வயது நிறைந்த பிள்ளைக்கு விவரம் தெரியும் என்றே கொள்வார்கள். அந்த வயதுக்கு மேல் ஞானஸ்நானம் கொடுக்க, அந்தப் பிள்ளையே விரும்பிக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது. அவளைக் கேட்காமல், அதற்குரிய தயாரிப்பு இல்லாமல், பாஸ்காவுக்குள் முடித்துவிடுவது அவர்கள் முறைப்படியே சரியில்லை. மகனுக்கு நான்குதான், அவன் விஷயத்தில் பெற்றோரில் ஒருவரின் சம்மதமாவது வேண்டும். பாட்டியின் சம்மதம் போதாது, ஆனால் கணவர் மட்டும் தலையாட்டினால் போதும். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. அதனால்தான் கணவரோடு பேசுவதை வேறு எதற்கும் பிறகு என்று தள்ளிவைக்காதீர்கள்.

அண்ணன் சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் இப்போது இல்லை. 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது உண்மை, 2004-இலேயே அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பெற்ற தகப்பன் தன் மதத்தில் பிள்ளையை வளர்க்க நினைப்பது அந்தச் சட்டம் இருந்திருந்தாலும் குற்றமாகியிருக்குமா என்பது வேறு கேள்வி. தங்கை குடும்பத்தை ஸ்டேஷன் வாசலில் நிறுத்துவதற்கு முன் அண்ணன் கொஞ்சம் யோசிக்கட்டும்.

பள்ளிக்கு எழுத வேண்டிய கடிதம்

அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, மூன்றாம் உட்பிரிவைப் பாருங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும், மத போதனை வகுப்புக்கோ வழிபாட்டுக்கோ வரச்சொல்லி மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்த 30-ஆம் உறுப்பு உரிமை தருகிறது, அங்கே மறைக்கல்வி நடத்துவதில் தவறே இல்லை. அப்பச்சி சொல்லும் அறக்கட்டளைப் பள்ளிக்கும் இதே விதிதான். தேவாரம் சொல்லிக்கொடுக்கலாம், உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் பிள்ளையைச் சொல்லவைக்க முடியாது.

ஆகவே பள்ளி சட்டத்தை மீறிவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள். கணவர் எழுதியதைச் சம்மதம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. இருவரும் கையெழுத்திட்டு நாலு வரி எழுதுங்கள்: 'எங்கள் மகள் இரு மதப் பெற்றோரின் பிள்ளை. ஞானஸ்நானம் பெற்றவள் அல்ல. இனி அவளை நன்னெறி வகுப்பில் அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம். வழிபாட்டு நேரத்தில் மரியாதையாக இருப்பாள், ஜெபம் சொல்லவேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.' ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால், நாளைக்கு அப்பத்தா போய் வேறொரு கடிதம் கொடுப்பார், தலைமை ஆசிரியை நடுவில் முழிப்பார்.

இதற்காகப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். 1985-இல் கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986-இல் உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அந்த நிலை என்றால், ஒரு வகுப்பு மாற்றத்துக்காக உங்கள் மகளை யாரும் அனுப்ப முடியாது.

மதங்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது இதில் அடங்காது. 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதங்களைப் பற்றிய கல்வி வேறு, மத போதனை வேறு என்று பிரித்துக் காட்டியது. இயேசுவின் கதையை உங்கள் மகள் வகுப்பில் கேட்டால் அதற்கு ஆட்சேபக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அவள் அப்பாவின் வீட்டுக் கதையும்தானே அது.

மகனின் படிவம். மதம், சாதி இடங்களை நிரப்பியே ஆக வேண்டும் என்று இல்லை. பெற்றோர் விரும்பினால் காலியாக விடலாம், இல்லை என்றும் எழுதலாம் என்று தமிழக அரசு 1973-இலும் 2000-இலும் ஆணை போட்டிருக்கிறது. ஆனால் சாதிச் சான்றிதழும் அதனால் வரும் சலுகையும் இதோடு பின்னிக்கிடக்கின்றன. நாளைக்குக் கல்லூரிச் சேர்க்கையில் அது தேவைப்படுமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோபத்தில் காலியாக விட வேண்டாம்.

ஞானஸ்நானமும் சொத்தும்

இதில் உங்களுக்கு இருக்கும் பயத்தில் பாதிக்கு மேல் தேவையில்லாதது. நீங்கள் மதம் மாறவில்லை. அப்பச்சி உயில் எழுதாமல் போனால் அவருடைய சொத்தில் மகள் என்ற உங்கள் பங்கு உங்களுக்கு உண்டு. மாறியிருந்தாலும் உங்கள் பங்கு போயிருக்காது, 1850-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைத்தான் உங்கள் அண்ணன் யாரிடமோ கேட்டு வந்திருக்கிறார். அது, மதம் மாறிய ஒருவருக்கு மாறிய பிறகு பிறந்த பிள்ளைகள், இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாவதைத் தடுக்கிறது. நீங்கள் மாறாதபோது அந்தப் பிரிவு உங்கள் பிள்ளைகள் மேல் பாயாது.

உங்கள் கைக்கு வந்த சொத்து உங்களுக்குப் பிறகு எப்படிப் போகும்? சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்ததால் உங்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு கணவருக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளை நெற்றியில் திருநீறா, கழுத்தில் சிலுவையா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.

பூர்வீகச் சொத்தில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டுக் குடும்பத்து இந்து ஒருவர் சிறப்புத் திருமணச் சட்டத்தில் வேற்று மதத்தவரை மணந்தால் அந்தக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்துவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. பிரிந்தவருக்குப் பங்கு இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. 2005 திருத்தத்தால் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்த பிறகு இதைக் கணக்கிடுவது பத்திரங்களைப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

அப்பச்சியின் மிரட்டலில் உண்மை எது என்றால், அவர் சுயமாகச் சம்பாதித்ததை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோபத்தில் எழுதினாலும் அந்த உயில் செல்லும். அதைத் தடுக்கும் சட்டம் கிடையாது. அந்தப் பணத்துக்காகப் பிள்ளையின் மதத்தை முடிவு செய்யப்போகிறீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பள்ளிக் கட்டண வாக்குறுதியும் இதே ரகம். நிபந்தனை இல்லாமல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நிபந்தனையோடு என்றால் வேண்டாம். கட்டணம் கட்டுகிறவர் வருடா வருடம் ஜூன் மாதம் கருத்துச் சொல்வார்.

பதினெட்டு வரை ஒன்றும் வேண்டாம் என்பது

உங்கள் யோசனையை நான் கேலி செய்யவில்லை. மதம் இல்லாமல் பிள்ளை வளர்ப்பது உங்கள் உரிமை. சுயமரியாதை இயக்கத்து வீடுகளில் தலைமுறைகளாக அப்படி வளர்ந்து நன்றாக வாழ்கிறவர்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. ஆனால் அவர்கள் ஒரு கொள்கையோடு வளர்த்தார்கள். பிள்ளை கேட்டால் சொல்ல அவர்களிடம் பதில் இருந்தது. நீங்கள் சாமிப் படத்தை இறக்க நினைப்பது சண்டை ஓய வேண்டும் என்பதற்காக. நீங்களே இன்னும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறீர்கள், கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். படத்தை இறக்கிய சுவரில் ஆணி இருக்கும், அது எதற்கு என்று மகள் கேட்பாள்.

இன்னொன்று. நம் ஊரில் மதம் என்பது நம்பிக்கை மட்டும் இல்லை, பாதி உறவு. உங்கள் வீட்டில் படைப்பு நடக்கும்போது பங்காளிகள் கூடிச் செத்துப்போன முன்னோருக்குச் சேலை வைத்துச் சோறு படைக்கிறார்கள். கணவர் வீட்டில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் தாத்தா கல்லறையைக் கழுவிப் பூவைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். இரண்டு இடத்திலும் நின்று பார்த்த பிள்ளைக்குப் பதினெட்டில் தேர்ந்தெடுக்க ஏதோ இருக்கும். இரண்டையும் பார்க்காத பிள்ளைக்கு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கும்.

ஆகவே பெற்றவர்கள் மதத்தில் பிள்ளையை வளர்ப்பது சரியா என்ற உங்கள் பெரிய கேள்விக்கு என் பதில்: வளர்க்கலாம், இரண்டிலும் வளர்க்கலாம், பயமுறுத்தி வளர்க்கக் கூடாது. திரும்பப் பெற முடியாத எதையும் பிள்ளை கேட்கும் வயதுவரை செய்யாமல் இருப்பது நல்லது. ஞானஸ்நானம் அழியாத முத்திரை என்று திருச்சபை நம்புகிறது, பதிவேட்டிலும் ஏறும். மகளுக்கு அவர்கள் சட்டமே அவள் விருப்பத்தைக் கேட்கச் சொல்கிறது. மகனுக்கும் அதே வயதுவரை பொறுக்கலாம் என்று கணவரிடம் கேளுங்கள். 'வேண்டாம்' என்பதும் 'அவன் கேட்கட்டும்' என்பதும் அவர் காதில் வேறு வேறாக விழும்.

பதிலுக்கு நீங்களும் ஒன்றை விட வேண்டும். மொட்டை அடித்த முடி இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும், அதனால் அது சும்மா என்று நீங்கள் வாதாடலாம். மாமியாருக்கு அது சும்மா இல்லை. காதுகுத்து அதைவிடப் பெரிய விஷயம், அம்மான் மடியில் உட்காரவைத்து ஊரைக் கூட்டிச் செய்வது. இரண்டையும் கணவர் சம்மதித்தால் செய்யுங்கள், இல்லையென்றால் அவையும் தள்ளிப்போகட்டும். அவர் தரப்புச் சடங்கு மட்டும் நிற்க வேண்டும், உங்கள் தரப்பு நடக்க வேண்டும் என்றால் அது பேரம், நியாயம் இல்லை. குன்றக்குடிக்குச் சும்மா போய்க் கும்பிட்டு வர யார் அனுமதியும் வேண்டாம், அதேபோல் அப்பத்தாவோடு பூசைக்குப் போவதையும் நிறுத்த வேண்டாம்.

அப்பச்சியிடம் எப்படிப் பேசுவது? அவருக்குத் தெரிந்த வழக்கத்தையே எடுத்துச் சொல்லுங்கள். நகரத்தாரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது; கல்யாணமான பெண் கணவன் கோயிலைச் சேர்ந்துவிடுவாள், அவள் பிள்ளைகளும் அந்தக் கோயில்தான். நீங்கள் நகரத்தார் மாப்பிள்ளையையே கட்டியிருந்தாலும் இந்தப் பேரன் அப்பச்சியின் கோயிலில் புள்ளி (கோயில் கணக்கில் ஒரு குடும்பம்) ஆகியிருக்க மாட்டான். ஆக, வழக்கம் அவருக்குக் கொடுக்காத ஒன்றை அவர் உங்களிடம் கேட்கிறார். அவர் பயம் வேறு. இந்தப் பிள்ளைகள் ஒரு நாள் வளவுக்குள் வந்து, பட்டாலையில் உட்கார்ந்து, ஐயா என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்களோ என்பதுதான் அது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். நோன்புக்கும் பொங்கலுக்கும் வருவோம் என்று சொல்லுங்கள், வாருங்கள், கணவரையும் கூட்டி வாருங்கள். குன்றக்குடி மடத்தின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை என்று எழுதியிருக்கிறீர்கள். 1982-இல் குமரி மாவட்டத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பிறகு மத நல்லிணக்கத்துக்காக முன்னே நின்றவர் அந்த மடத்து அடிகளார்தான் என்பது அப்பச்சி தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் சொல்வதைவிட அது அவரிடம் எடுபடும்.

பள்ளியைப் பொறுத்தவரை மகளை இப்போது மாற்றாதீர்கள். தோழிகள், படிப்பு எல்லாம் அங்கே நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். ஒரு வகுப்பு மாறினால் தீரும் விஷயம் அது. பள்ளியையே மாற்றினால், தான் கையைத் தூக்கியதால்தான் இதெல்லாம் என்று நினைத்துக்கொள்வாள். மகனுக்குப் பள்ளி தேடும்போது தூரம், ஆசிரியர், கழிப்பறை, கட்டணம் இவற்றைப் பாருங்கள். யார் நடத்துகிறார்கள் என்பது அதற்குப் பிறகு வரட்டும், அங்கேயும் 28-ஆம் உறுப்பு கூடவே வரும்.

உடனே செய்ய வேண்டியவை மூன்று. மகளிடம் பேசுவது இன்றைக்கு. பள்ளிக் கடிதம் இந்த வாரத்துக்குள், இருவர் கையெழுத்தோடு. பிறகு உங்கள் உயில், இந்த வருடத்துக்குள். நீங்களும் கணவரும் தனித்தனியாக எழுதி, தலா இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திடுங்கள். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டு வீட்டிலும் இவ்வளவு புகைச்சல் இருக்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவதே உத்தமம். பூர்வீகச் சொத்து பற்றி ஆலோசிக்க, திருமணப் பதிவுச் சான்று, மூலப்பத்திரம், பட்டா நகல்களோடு உங்கள் ஊர் சிவில் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். போகும்போது அண்ணனையும் கூட்டிப் போங்கள். 26-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று அவரும் நேரிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.